படிப்பை நிறுத்தி வைப்பதா, இழுத்துப் பிடிப்பதா? பொறியியல் மாணவர் முன் இருக்கும் வழிகள்

ஆகஸ்ட் கடைசி. ஐந்தாம் செமஸ்டர் பாதி ஓடியிருந்தது. ஒரு மாணவனும் அவன் அம்மாவும் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார்கள். அம்மா கையில் எக்ஸ்ரே கவர், அதற்குள் மடித்து வைத்த ஆஸ்பத்திரிக் காகிதங்கள். அப்பாவுக்குப் பக்கவாதம். வீட்டில் நான்கு விசைத்தறி, ஓட்ட ஆள் இல்லை. "ஆறு மாசம் லீவு குடுத்தீங்கன்னா போதும் சார், அப்புறம் வந்து சேர்ந்துக்குவான்" என்றார் அந்த அம்மா.

அதே வகுப்பில் இன்னொரு மாணவனும் கிட்டத்தட்ட அதே வாரத்தில் வருவதை நிறுத்தினான். அவன் யாரிடமும் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக 'ஏ', 'ஏ' என்று சிவப்பு மையில் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

நான் அந்த வகுப்பின் கிளாஸ் அட்வைசர். இந்த இருவரையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். விதிகள் என்று நான் சொல்வது அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கானவை. தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தனி விதிப் புத்தகம் உண்டு, அதைக் கேட்டு வாங்கிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 'ஆறு மாசம்' கணக்கு. ஐந்தாம் செமஸ்டர் பாடங்கள் வருடத்தின் இரண்டாம் பாதியில் மட்டுமே நடக்கும். ஆகஸ்டில் விட்டுவிட்டு ஜனவரியில் வந்தால் அங்கே ஓடிக்கொண்டிருப்பது ஆறாம் செமஸ்டர். விட்டதைப் பிடிக்க அடுத்த ஜூலை வரை காத்திருக்க வேண்டும். எப்படி நிறுத்தினாலும் போவது ஒரு வருடம். முறையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாலும் ஒரு வருடம், சொல்லாமல் கொள்ளாமல் போனாலும் ஒரு வருடம். இதனாலேயே பல பிள்ளைகள் 'எப்படியும் ஒரு வருசம்தானே, எதுக்கு லெட்டர் எல்லாம்' என்று நினைத்துவிடுகிறார்கள். நாள் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது.

அனுமதி பெற்ற இடைவெளிக்கு விதிப் புத்தகத்தில் பெயர் 'பிரேக் ஆஃப் ஸ்டடி'. படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரே ஒரு முறை, அதிகபட்சம் ஒரு வருடம். மிக அசாதாரணமான நிலைமையில் கட்டணம் கட்டி இன்னொரு வருடம் கேட்கவும் இடமுண்டு. கல்லூரி முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். காரணத்தையும், உத்தேசமாக எப்போது திரும்பி வருவீர்கள் என்பதையும் அதில் எழுத வேண்டும். முன்கூட்டியே கொடுப்பது நல்லது. எவ்வளவு தாமதமானாலும், அந்தச் செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதியைத் தாண்டக் கூடாது. இந்தத் தேதியைத்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறவர்களுக்கு அந்தத் தேதி வந்து போனதே தெரியாது.

சொல்லாமல் நிற்பவர்களுக்கு நடப்பது வேறு. தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். 65க்கும் 75க்கும் இடையில் இருந்தால் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, காண்டனேஷன் (வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கட்டணம்) கட்டி எழுதலாம். 65க்குக் கீழே போனால் ஹால் டிக்கெட் கிடையாது. அடுத்த வருடம் ஜூனியர்களோடு அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். இப்படி வருகை குறைந்து நிறுத்தப்பட்ட காலம் அனுமதி பெற்ற இடைவெளியாகக் கணக்கில் வராது. எல்லாப் பாடமும் முதல் முறையிலேயே தேறி, சி.ஜி.பி.ஏ. (எல்லாச் செமஸ்டருக்குமான மொத்த கிரேடு சராசரி) 8.5க்குக் குறையாமல் இருந்தால் பட்டத்தில் 'டிஸ்டிங்ஷன்' என்ற சிறப்புத் தகுதி உண்டு. பிளஸ் டூ முடித்துச் சேர்ந்தவர் அதற்கு ஐந்து வருடத்துக்குள் படிப்பை முடிக்க வேண்டும், அதில் ஒரு வருடம் இந்த அனுமதி பெற்ற இடைவெளிக்காகவே ஒதுக்கப்பட்டது. நன்றாகப் படிக்கும் பிள்ளை ஒரு கடிதம் கொடுக்காததால் மட்டும் அதை இழப்பதைப் பார்க்க வயிறு எரியும்.

அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. எந்தத் தகவலும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு செமஸ்டர் வரவில்லை என்றால் கல்லூரிப் பட்டியலிலிருந்து பெயரையே நிரந்தரமாக நீக்கிவிடலாம். நான் சொன்ன இரண்டாவது மாணவன் ஒன்றரை வருடம் கழித்து வந்தான். வந்து நின்றபோது ரோல் நம்பரே இல்லை. அவனுக்கும் வீட்டில் உண்மையான கஷ்டம் இருந்தது. மற்றவனுடைய கஷ்டத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. எடுத்துச் சொல்ல வெட்கப்பட்டான், அவ்வளவுதான்.

வெட்கம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளையின் விண்ணப்பத்தில் பெற்றோர் 'மஞ்சள் காமாலை' என்று எழுதிக் கொண்டுவருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மனநல மருத்துவர் தருவதும் மருத்துவச் சான்றிதழ்தான். காரணத்தை மாற்றி எழுதினால், திரும்பி வரும்போது அந்தப் பிள்ளைக்கு என்ன உதவி வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

எல்லோருக்கும் ஒரு வருடம் தேவைப்படாது. சிக்கல் தேர்வு நேரத்தில் வந்தால், வருகையும் இன்டர்னலும் சரியாக இருந்தால், இடைவெளியைத் தொடவே வேண்டாம். தேர்விலிருந்து மட்டும் விலகிக்கொள்ள 'வித்ட்ராயல்' என்று ஒன்று இருக்கிறது. உடல்நிலை, எதிர்பாராத குடும்பச் சூழ்நிலை போன்ற காரணங்களுக்குக் கொடுப்பார்கள். இதன் பெரிய பலன், விலகிய தேர்வு ஒரு முயற்சியாகக் கணக்கில் வராது என்பதே. அடுத்த வாய்ப்பில் எழுதித் தேறினால் அதுதான் முதல் முயற்சி. ஆனால் டெங்கு வந்து படுத்தவன், அறுவை சிகிச்சை முடிந்து பத்தே நாளில் தேர்வு ஹாலுக்கு வந்தவள் என்று எல்லோரும் போய் உட்கார்ந்து எழுதி, மூன்று நான்கு அரியரோடுதான் வெளியே வருகிறார்கள். 'எழுதிப் பார்ப்போம், போனா அரியர்தானே' என்கிறார்கள். அரியர் என்பது முயற்சி செய்து தோற்றதாகப் பதிவாகும், விலகல் அப்படிப் பதிவாகாது. காய்ச்சலோடு எழுதுவதை வீரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நான்காவது வழி, டிசி வாங்கிக்கொண்டு கிளம்பி, தொலைநிலைக் கல்வியில் பி.காம்., பி.ஏ. என்று சேர்வது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எல்லாம் இருக்கின்றன. இக்னோவில் மூன்று வருடப் பட்டத்தை முடிக்க ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு, தறி ஓட்டிக்கொண்டே படிக்கலாம். பொறியியலே பிடிக்காமல் வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு இது நல்ல கதவு என்று மனதாரச் சொல்வேன். பிடித்துப் படிப்பவர் பணக் கஷ்டத்துக்காக மட்டும் இதில் இறங்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பி.இ. சீட்டை விட்டால் விட்டதுதான், இடைவெளி எடுத்தால் சீட் அங்கேயே இருக்கும். இப்போது வேறு ஒரு வசதியும் வந்திருக்கிறது. 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்திருக்கிறது, ஒன்று நேரடி வகுப்பாகவும் மற்றது தொலைநிலையிலும் இருக்கலாம். ஆகவே ஒன்றைப் பிடிக்க இன்னொன்றை விட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இடைவெளியிலும் நஷ்டம் இல்லாமல் இல்லை. அந்தச் செமஸ்டருக்குக் கட்டிய பணம் பெரும்பாலும் போனது போனதுதான். திரும்பி வரும்போது எந்தப் பாடத்திட்டம் நடப்பில் இருக்கிறதோ அதில்தான் சேர்ப்பார்கள். 2013, 2017, 2021 என்று ரெகுலேஷன் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மாற்றம் நடக்கும் வருடத்தில் மாட்டினால் கூடுதலாகச் சில பாடங்கள் தலையில் விழும். திரும்பச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவை எந்தப் பாடங்கள் என்று எழுதிக் கேட்க வேண்டும், கடைசி வருடத்தில் கண்டுபிடித்தால் திண்டாட்டம். பிளஸ் டூ முடித்துச் சேர்ந்தவருக்கு ஏழு வருடம், டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் வந்தவருக்கு ஆறு வருடம் என்ற உச்ச வரம்பு இடைவெளி எடுத்தாலும் நீளாது.

கல்விக் கடன் வாங்கியவர்கள் வங்கிக்கும் அதே வாரத்தில் போய்விட வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை என்பது வழக்கமான ஏற்பாடு. படிப்பு நீண்டால் அதைத் தள்ளி வைக்க வங்கிகளுக்கு வழி இருக்கிறது. படிப்பை விட்டுவிட்டார் என்று வங்கி நினைத்துவிட்டால் தவணை முன்னாலேயே தொடங்கிவிடும். கல்லூரி கொடுக்கும் அனுமதிக் கடிதம் அங்கே மிக முக்கியம்.

தறிக்காரர் மகன் அடுத்த ஜூலையில் வந்து சேர்ந்தான். அப்பா கைத்தடியோடு நடக்க ஆரம்பித்திருந்தார். இரண்டு தறியை விற்றுவிட்டு, மீதி இரண்டை மாமா பார்த்துக்கொண்டார். முதல் ஒரு மாதம் அவன் ஜூனியர்களோடு பேசாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பிறகு லேப் ரெக்கார்டு எழுதச் சொல்லிக் கொடுக்கப் போய், அவர்களுக்கு அண்ணன் ஆகிவிட்டான்.

இன்று அந்த இடத்தில் நிற்பவருக்கு ஒரு விஷயம். அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கும்போது இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் போடச் சொல்லி வாங்கி, மார்க் ஷீட் வைக்கும் ஃபைலிலேயே வையுங்கள். ஒரு வருடம் கழித்து நீங்கள் திரும்பி வரும்போது அந்த மேஜையில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார்.