‘கொடுவா செட்’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ராமநாதபுரம் பக்கம் ஒரு கடையில், “கண்மாய்க் கெளுத்திக்கும் ஆகும், ஆற்றங்கரை முகத்துவாரத்துல கொடுவாவுக்கும் ஆகும்” என்று சொல்லி 4,800 ரூபாய்க்கு ஒரு தூண்டில் செட்டைத் தலையில் கட்டுகிறார்கள். ராடு, ரீல், 300 மீட்டர் பிரெய்டு நரம்பு (பல இழைகளைப் பின்னிய தூண்டில் நூல்), இரையாகப் போடும் இரண்டு பிளாஸ்டிக் மீன். வாங்கிப் பிரித்துப் பார்த்தாயிற்று. உருப்படியானது ராடு ஒன்றுதான். அதுவும் கார்பன் விலைக்கு விற்ற ஃபைபர் கிளாஸ்.

பெரிய மோசடி நரம்பில். சுருளில் 30 பவுண்டு, 0.28 மி.மீ., எட்டு இழை என்று அச்சடித்திருக்கிறது. 30 பவுண்டு என்றால் 13.6 கிலோ தாங்க வேண்டும். பெட்டி எடை போடும் தொங்கு தராசில் கட்டி இழுத்தால் 6 கிலோவிலேயே அறுகிறது. நுனியை ஊசியால் பிரித்து எண்ணினால் நாலே இழை. பென்சிலில் 20 சுற்று நெருக்கிச் சுற்றி அளந்தால் 9 மி.மீ. வருகிறது; 0.28 என்றால் 5.6 தான் வர வேண்டும். பிரெய்டு நசுங்கக்கூடியது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். மூன்று மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வர வழியே இல்லை.

இதனால் டிராக் கணக்கே கெட்டுப்போகிறது. டிராக் என்பது மீன் பலமாக இழுத்தால் நரம்பை அறுபடாமல் நழுவ விடும் ரீலின் பிடி. நரம்பின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை டிராக் வைப்பது வழக்கம். லேபிளை நம்பினால் 4 கிலோ. நிஜத்தில் 6 கிலோ தாங்கும் நரம்பு, முடிச்சு விழுந்த இடத்தில் அதுவும் தாங்காது. கொடுவா ஒரு வெட்டு வெட்டினால், டிராக் நழுவும் முன்பே முடிச்சு போய்விடலாம். மீன் வாயில் தூண்டில் முள்ளோடு ஓடும். அந்தப் பாவம் வேறு.

கடைக்காரர் சொன்ன பதில்: “முடிச்சு சரியா விழலண்ணே, மீனும் பெருசா இருந்திருக்கும்.” போட்டது பலோமர் முடிச்சு, பிரெய்டுக்கு நம்பிப் போடும் முடிச்சு. தராசில் மீனே கிடையாது.

பிளாஸ்டிக் மீனில் இருக்கும் மும்முள்ளைக் குறடால் பிடித்துத் தராசில் மாட்டினால் 3 கிலோவில் நிமிர்ந்துவிடுகிறது. முள்ளை மீனோடு கோக்கும் வளையமும் வாய் பிளக்கிறது. இரண்டையும் கனமானதாக மாற்றாமல் தண்ணீரில் போடாதீர்கள். லீடர் என்று பிரெய்டுக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் தங்கூஸ் (ஒற்றை இழை நைலான் நரம்பு) ஒரு முழம்கூட உள்ளே இல்லை. கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு பிரெய்டை அறுத்துவிடும். 40 முதல் 60 பவுண்டு தங்கூஸ் ஒரு மீட்டராவது முன்னால் கட்ட வேண்டும். ரீலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, உப்புத் தண்ணீர் பட்டதும் கரகரக்கிறது.

எந்தக் கடையானாலும் தராசைக் கையோடு கொண்டுபோங்கள். நரம்பில் ஒரு மீட்டர் இழுத்துப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம். ராடு வளையத்துக்குள் பஞ்சை ஓட்டிப் பாருங்கள், விரிசல் இருந்தால் சிக்கும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் உறையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை இருக்க வேண்டும். இந்த செட்டில் மூன்றும் இல்லை. துண்டுச்சீட்டு வாங்காமல் பில் கேளுங்கள். பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

கெளுத்திக்கு மட்டும் போகிறவர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம். 0.40 மி.மீ. தங்கூஸ், நடுத்தர முள், ஈயம், மண்புழு போதும். கண்மாயில் போடுவதற்கு முன் அங்கே மீன் பிடிக்கும் உரிமையை எடுத்திருக்கும் மீன்பாசிக் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.