மஹிந்திரா தார் ஜீப்பை 2 அங்குலம் தூக்க ஸ்பேசரா, முழு கிட்டா?

வேலூரில் தார் வைத்திருக்கும் நண்பர்கள் கூடினால், பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

ஸ்பேசர் என்பது ஸ்பிரிங்கோடு சேர்த்து வைக்கும் தடிமனான வளையம், அவ்வளவுதான். செலவு குறைவு. கம்பெனி ஸ்பிரிங்கே இருப்பதால் ஊருக்குள் ஓட்டும் சுகமும் பெரிதாக மாறாது. ஆனால் பின்பக்க ஷாக் அப்சார்பரின் நீளம் கூடவில்லையே! சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது சீக்கிரமே முழுதும் நீண்டு 'டக்'கென்று இடிக்கும். ஜவ்வாது மலையின் கரடுமுரடான பாதையில் ஒரு சக்கரம் மேலே, ஒன்று கீழே என்று போகும்போது, இறங்கிய சக்கரம் தரையைத் தொட்டால்தான் பிடிமானம். அங்கே, நீளமான ஷாக்கும் புது ஸ்பிரிங்கும் கொண்ட கிட்டுக்குத்தான் என் ஓட்டு. செலவு பல மடங்கு, சரி. கனத்த ஸ்பிரிங் என்றால் காலி வண்டி கொஞ்சம் தூக்கிப் போடவும் செய்யும்.

எதைப் போட்டாலும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆகவேண்டும்; முன் ஆக்சில் மூட்டுகளின் சாய்வும் கூடும். பின்பக்க டிஃபரன்ஷியல், அதாவது பின் அச்சின் நடுவில் தொங்கும் கியர் பெட்டி, துளிகூட உயராது, அதற்குப் பெரிய டயர்தான் வழி. வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பாலாற்று மணலுக்கு இரண்டுமே வேண்டாம், டயர் காற்றைக் குறைத்தால் போதும். ஏலகிரிக்கா? அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளும் தார் போட்ட ரோடுதான். உயர்த்திய வண்டி அங்கே இன்னும் கூடுதலாகச் சாயும்.