சில்வராடோ 1500-இன் 3.0 லிட்டர் டீசல்: யாருக்குக் கட்டுப்படியாகும்?

வி8 பெட்ரோல்தான் பிக்கப் என்று பழகிய அமெரிக்கச் சந்தையில், செவர்லே சில்வராடோ 1500-இன் 3.0 லிட்டர் ஆறு சிலிண்டர் டுராமாக்ஸ் டீசல் எஞ்சினைப் பலர் திரும்பியும் பார்ப்பதில்லை. 2020 மாடலில் வந்த எல்எம்2 என்ற இந்த எஞ்சினுக்கு 277 குதிரைத்திறன், 460 பவுண்டு-அடி டார்க் (சுழற்றும் விசை). 5.3 லிட்டர் வி8 பெட்ரோலுக்கு டார்க் 383தான், அதுவும் 4,100 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). டீசல் 1,500-லேயே முழுசாகக் கொடுத்துவிடும். ட்ரெய்லரோடு மேடு ஏறும்போது இந்த வித்தியாசம் தெரியும். கியர்பாக்ஸ் ஓயாமல் கியர் குறைத்து அலறாது.

ரியர் வீல் டிரைவ் 2020 மாடலுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ தந்த மைலேஜ் காலனுக்கு நகரில் 23 மைல், நெடுஞ்சாலையில் 33, சராசரி 27. இதில் ஒரு பங்கு எஞ்சினின் சாமர்த்தியமே இல்லை: ஒரு காலன் டீசலில் பெட்ரோலைவிடச் சுமார் 12% ஆற்றல் கூடுதல். பெட்ரோல் வண்டி 20 தருவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 15,000 மைலுக்கு அதற்கு 750 காலன், இதற்கு 556. ஆனால் பம்பில் டீசல் விலை பெட்ரோலைவிட 35% கூடிவிட்டால் சேமிப்பு பூஜ்யம். புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் டிஇஎஃப் திரவச் செலவு தனி.

பெரிய உறுத்தல் ஆயில் பம்பைச் சுழற்றும் பெல்ட். எஞ்சினின் பின்பக்கம், ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. 1,50,000 மைலில் மாற்ற வேண்டும். அதற்கு கியர்பாக்ஸையே இறக்கியாக வேண்டும். பெல்ட் சின்னது, கூலி பெரியது. 2023 மாடலில் வந்த அடுத்த வடிவமான எல்இசட்0 எஞ்சினில் கெடு 2,00,000 மைல். பழைய வண்டி வாங்குபவர் இந்தச் செலவைக் கழித்தே விலை பேசட்டும். ஆயிலும் டெக்ஸோஸ்-டி (dexosD) தரத்து 0டபிள்யூ-20 மட்டுமே, 7 குவார்ட்.

கடைக்கும் பள்ளிக்கும் நாலு மைல் ஓட்டுபவருக்கு இது வேண்டவே வேண்டாம். புகைக்குழாயில் உள்ள டிபிஎஃப் வடிகட்டியில் சேரும் கரியை எரிக்கப் புகை சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும். சூடேறும் முன்பே வண்டியை அணைத்தால் எரிப்பு பாதியில் நிற்கும். அதற்கெனக் கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். ஐடிலிங் வேகம் கூடி, மைலேஜ் காட்டி திடீரென விழுந்தால் எரிப்பு நடக்கிறது என்று பொருள். அணைக்காமல் நெடுஞ்சாலையில் ஓட்டி முடியுங்கள். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தால் ஆயிலை உடனே மாற்றுங்கள்.

இழுவை வரம்பு 2022-இல் 13,300 பவுண்டு வரை உயர்ந்தது. அந்த எண்ணை மட்டும் நம்பி ட்ரெய்லர் வாங்காதீர்கள்: ட்ரெய்லர் எடையில் 10–15% ஹிட்ச் (ட்ரெய்லரை மாட்டும் கொக்கி) மேல் உட்காரும், அது பேலோடில், அதாவது வண்டியே சுமக்கும் எடையில், சேரும். ஓட்டுநர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள பேலோடு வரம்புதான் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோகும்.