குன்னூர், கோத்தகிரி பெற்றோர்களே, கட்டுரைக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

45,000 ரூபாய் போச்சு. மகளின் அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரைக்கு உதவுகிறேன் என்று அதை வாங்கிய ஆபீஸ்காரர் நேற்று என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார். கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அமெரிக்காவில் உதவித்தொகையோடு படிக்க ஆசை. அங்கே மார்க் மட்டும் போதாது. காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும், 650 சொல்லுக்குள். இங்கே பள்ளியில் இதெல்லாம் யாருக்கும் பழக்கமில்லை. அதனால்தான் ஊட்டியில் வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். பெயர் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார்.

அந்த ஆள் எடுத்த எடுப்பில் பணம் கேட்கவே இல்லை. டீ வரவழைத்தார். மகளை உட்காரவைத்து, "நீ பேசும்மா, நான் கேட்கிறேன்" என்று போனில் ரெக்கார்டிங்கைப் போட்டார். அவளும் மனசு விட்டுப் பேசினாள். மார்கழிக் குளிரில் எங்கள் பள்ளத்துத் தேயிலைத் தோட்டத்தில் உறைபனி இறங்கி, காலையில் வெயில் பட்டதும் கொழுந்தெல்லாம் கருகிப்போனது. மறு வருஷம் அவளும் பாட்டியும் சாயங்காலமே போய்ச் சின்னச் செடிகளைக் காய்ந்த புல் போட்டு மூடினார்கள். அதையெல்லாம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அண்ணா, இதுதான் கட்டுரை. நாங்க எழுதித் தர மாட்டோம், பாப்பாவே எழுதணும். எங்க மேடம் கூட உட்கார்ந்து திருத்துவாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 45,000 ரூபாயை அங்கேயே ஜிபே செய்தேன். பச்சை இலை கிலோ இருபது ரூபாய் என்று வைத்தாலும் 2,250 கிலோ இலை அது.

மேடம் வரவே இல்லை. அக்டோபர் கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தது. அதில் என் மகள் புயல் அடித்த ராத்திரியில் கடற்கரையில் நின்று அப்பாவின் படகைத் தேடுகிறாள். ஃபேக்டரிக்கு இலை போட்டுப் பிழைக்கிறவன் நான், படகுக்கு எங்கே போவேன்? மூன்றாவது பத்தியில் அவளுக்கு ஓர் அண்ணன் வேறு. வீட்டில் அவள் ஒரே பிள்ளை. உறைபனியைப் பற்றி ஒரு வரி இல்லை. 650 சொல்லையும் தாண்டிப் போகிறது, அந்த விண்ணப்பப் பெட்டி அதை ஏற்கவே ஏற்காது. பள்ளி ஆங்கில டீச்சர் ஒரு வரியை எடுத்து இணையத்தில் தேடினார். முழுசாக அப்படியே வந்து நின்றது.

போன் செய்தால், "அது சாம்பிள் அண்ணா". அப்புறம், "மேடம் லீவு". அப்புறம், "கோயம்புத்தூர் ஹெட் ஆபீஸ்ல பேசுங்க". அங்கே கேட்டால், "ஊட்டி பிராஞ்ச் கணக்கு எங்களுக்குத் தெரியாது சார்". நேரில் போனேன். ரிசப்ஷனில் இருந்த பெண் தலை நிமிராமல், "ரசீதுல கவுன்சலிங் ஃபீஸ்னுதானே இருக்கு, எஸ்ஸேன்னு எங்க இருக்கு?" என்றாள். பணத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்று ரசீதின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். இதற்குள் நவம்பர் 1 போய்விட்டது. பல கல்லூரிகளில் முன்கூட்டி விண்ணப்பிக்க அதுதான் கடைசி நாள்.

அந்த ஃபைலை அப்படியே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லாம் என் சொந்த எழுத்து என்று விண்ணப்பத்தின் முடிவில் பிள்ளைதான் கையெழுத்துப் போடுகிறாள். பின்னால் தெரிய வந்தால் கிடைத்த சீட்டையும் ரத்து செய்யலாம். மாட்டுவது அவள், அந்த ஆள் இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. மொத்தப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீர்கள். யார், எத்தனை முறை உட்கார்ந்து திருத்துவார்கள் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். காமன் ஆப்பில் கணக்குத் தொடங்கக் காசே கிடையாது. அமெரிக்க அரசின் எஜுகேஷன் யூஎஸ்ஏ மையம் சென்னையில் இருக்கிறது, அடிப்படை ஆலோசனை இலவசம். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

மகள் இப்போது தானே எழுதுகிறாள், டீச்சர் பார்த்துத் தருகிறார், ஒரு பைசா வாங்கவில்லை. நான் 45,000 ரூபாய்க்கான ஸ்கிரீன்ஷாட், ரசீது, அந்தப் படகுக் கட்டுரை எல்லாம் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஊட்டி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். இதே மாதிரி பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், சேர்ந்தே மனு கொடுப்போம்.