கீட்டோவா, பொகோட்டாவா? மூன்று நாள் கையில் இருந்தால்

இரண்டுமே மலைமேல் உட்கார்ந்திருக்கும் தலைநகரங்கள். எக்வடாரின் கீட்டோ 2,850 மீட்டர் உயரம், கொலம்பியாவின் பொகோட்டா 2,640 மீட்டர். இரண்டிலும் ஸ்பானியர் காலத்துப் பழைய நகரம் உண்டு, கேபிள் காரில் ஏறிப் பார்க்க ஒரு மலை உண்டு, உருளைக்கிழங்கில் செய்த கெட்டியான சூப்பும் உண்டு. மூன்று நாள் மட்டும் கையில் இருப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்புதான். கண்ணுக்குக் கீட்டோ, வயிற்றுக்குப் பொகோட்டா என்பது என் கட்சி. ஆனால் சைவக்காரர் என்றால் தீர்ப்பு மாறிவிடும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பழைய நகரத்தில் போட்டியே இல்லை. யுனெஸ்கோ 1978-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலைத் தொடங்கியபோது முதலில் சேர்த்த 12 இடங்களில் கீட்டோவும் ஒன்று. லா கொம்பானியா தேவாலயத்தை 1605-இல் தொடங்கி, முடிக்க 160 வருடம் எடுத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் சுவர், தூண், கூரை எல்லாம் தங்கத் தகடு. அழகா, அதிகப்படியா என்று முடிவு செய்வதற்குள் கழுத்து வலித்துவிடும். எனக்கு அதைவிடப் பிடித்தது பசிலிக்கா என்ற இன்னொரு பெரிய தேவாலயம்தான். ஐரோப்பியத் தேவாலயங்களில் பூதங்கள் எட்டிப்பார்க்கும் இடத்தில் இங்கே உடும்பு போன்ற இகுவானாவும் ஆமையும் ஓடு போர்த்திய அர்மடில்லோ என்ற விலங்கும் கல்லில் எட்டிப்பார்க்கின்றன. கோபுரம் ஏறப் பலகை நடைபாதை, அப்புறம் செங்குத்தான இரும்பு ஏணி. உயரம் என்றால் கால் நடுங்குபவர்கள் கீழேயே நின்றுகொள்ளலாம், தப்பில்லை.

பொகோட்டாவின் பழைய நகரமான லா காண்டலாரியாவும் வண்ண வீடுகளும் ஓட்டுக் கூரைகளுமாக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சில தெரு தாண்டினால் கான்கிரீட். அதற்கு ஒரு காரணம் உண்டு: 1948 ஏப்ரல் 9-ஆம் தேதி அரசியல் தலைவர் ஹோர்ஹே எலியேசெர் கைத்தான் சுட்டுக் கொல்லப்பட்டதும் வெடித்த கலவரத்தில் நகர மையத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது.

பொகோட்டா அந்தக் குறையைத் தங்க அருங்காட்சியகத்தில் ஈடுகட்டுகிறது. அங்கே பார்க்க வேண்டியது ஒரு சின்னத் தெப்பம்; நீளம் 20 சென்டிமீட்டர்கூட இல்லை. நடுவில் தலைவன், சுற்றிலும் சிறு உருவங்கள், எல்லாம் தங்கம். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான முயிஸ்கா மக்களின் தலைவன் உடம்பெல்லாம் தங்கப்பொடி பூசி ஏரிக்குள் போய்க் காணிக்கை போடும் சடங்கு அது என்கிறார்கள். எல் டொராடோ என்ற தங்க நகரக் கதை கிளம்பியதே இந்தச் சடங்கிலிருந்துதான். நகரத்தின் விமான நிலையத்துக்கும் அதே பெயர். பக்கத்திலேயே ஓவியர் பொத்தேரோவின் அருங்காட்சியகம், குண்டு மனிதர்களும் குண்டுப் பழங்களுமாக, அனுமதி இலவசம்.

மலை விஷயத்தில், பொகோட்டாவின் மோன்செராத்தே 3,152 மீட்டர். உச்சியில் தேவாலயம், காலடியில் நகரம். கேபிள் காரும் உண்டு, 1929-இலிருந்து ஓடும் இழுவை ரயிலும் உண்டு. கீட்டோவின் தெலேபெரிக்கோ என்ற கேபிள் கார் உங்களைக் கிட்டத்தட்ட 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். வந்திறங்கிய மறுநாளே அதில் ஏறிவிட்டேன். மேலே இருபது அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது, ராத்திரி முழுக்கத் தலைவலி. மூன்றாவது நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கீட்டோவுக்கு வடக்கே பூமத்திய ரேகை நினைவுச்சின்னம் இருக்கிறது. ஜிபிஎஸ் கணக்கில் உண்மையான கோடு அங்கிருந்து சுமார் 240 மீட்டர் தள்ளிப் போகிறது. பக்கத்து அருங்காட்சியகத்தில் தொட்டித் தண்ணீர் கோட்டுக்கு இப்புறம் ஒரு திசையிலும் அப்புறம் எதிர்த் திசையிலும் சுழல்வதாகச் செய்து காட்டுவார்கள். பூமியின் சுழற்சி அவ்வளவு சின்னத் தொட்டியில் வேலை செய்யாது, வெறும் கைவித்தை. தெரிந்தே ரசித்தேன்.

சரி, சாப்பாடு. பொகோட்டாவின் அஹியாகோவில் மூன்று வகை உருளைக்கிழங்கு போடுகிறார்கள். அதில் கிரியோயா என்ற மஞ்சள் கிழங்கு கரைந்து சூப்பைக் கெட்டியாக்கும், மற்றவை துண்டாக நிற்கும். உதிர்த்த கோழி, ஒரு துண்டு சோளக்கதிர், குவாஸ்காஸ் என்ற மூலிகை. அந்த இலை இல்லாமல் அது அஹியாகோ ஆகாது. கிரீம், உப்பில் ஊறிய கேப்பர் மொட்டு, வெண்ணெய்ப்பழம், சோறு எல்லாம் தனியாக வரும். எது எவ்வளவு என்பது நம் இஷ்டம். சாரல் அடிக்கும் மத்தியானத்தில் அந்தக் கிண்ணத்துக்கு முன்னால் வேறு பேச்சே வராது.

சாயங்காலம் அங்கே சூடான சாக்லேட்டோடு சீஸ் தருவார்கள். சீஸைக் கடிக்கக் கூடாது. பிய்த்துக் கோப்பைக்குள் போட வேண்டும். இரண்டு நிமிஷம் கழித்துக் கரண்டி விட்டால் நூல்நூலாக இழுபட்டு வரும். முதல் வாய் விநோதம், மூன்றாவது வாய்க்குப் பழகிவிடும்.

கீட்டோவின் லோக்ரோ கொஞ்சம் அடக்கமான ஆள். உருளைக்கிழங்கு, பால், சீஸ், மேலே வெண்ணெய்ப்பழம். சாதுவான ருசிதான். ஆனால் மேசையில் இருக்கும் மரத்தக்காளி மிளகாய்ச் சட்னியை ஒரு கரண்டி விட்டுப் பாருங்கள், ஆளே மாறிவிடும். சந்தைக்குள் போனால் முழுப் பன்றியைச் சுட்டு வைத்துக்கொண்டு, கூப்பிட்டுக் கூப்பிட்டு ருசி காட்டுவார்கள். கூடவே யாபிங்காச்சோ, அதாவது சீஸ் வைத்துக் கல்லில் சுட்ட உருளைக்கிழங்கு அடை. இனிப்புக்குப் பைலா ஐஸ்கிரீம்: பனிக்கட்டிமேல் வெண்கலச் சட்டியைச் சுழற்றிக்கொண்டே பழச்சாற்றை மரக்கரண்டியால் அடித்து உறைய வைக்கிறார்கள்.

ஊர் சுற்றக் கீட்டோ சுலபம். 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோவில் பழைய நகரத்தின் நடுவிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. புழக்கத்தில் இருப்பது அமெரிக்க டாலர்தான், ஆனால் 50, 100 நோட்டை நீட்டினால் சின்னக் கடைகளில் முகம் சுளிப்பார்கள். பொகோட்டா நெரிசலில் பொறுமை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விதிவிலக்கு: காலை 7 முதல் மதியம் 2 வரை பெரிய சாலைகளைச் சைக்கிளுக்கு விட்டுவிடுகிறார்கள். தங்க அருங்காட்சியகம் திங்கட்கிழமை திறக்காது, அதையும் பார்த்துத் தேதி போடுங்கள்.

கடைசியாகச் சைவக்காரர்களுக்கு. அஹியாகோவில் கோழியை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பதும் கோழிச் சாறுதான், ஆகவே கீட்டோவுக்கே போங்கள். லோக்ரோ, யாபிங்காச்சோ, சீஸ் வைத்துப் பொரித்து, காற்றுபோல் உப்பும் எம்பனாதா என்று மூன்று நாள் ஓடிவிடும். ஆனால் 'சின் கார்னே' (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொல்லி உட்காராதீர்கள். 'கார்னே' என்றால் அங்கே பலருக்கு மாட்டிறைச்சிதான் நினைவுக்கு வரும். 'சின் போயோ' (கோழி வேண்டாம்) என்பதையும் சேர்த்துச் சொல்லி, சூப்புக்கு எந்தச் சாறு ஊற்றினார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.