அடையாறு ஞாயிறு அண்டவியல் வகுப்பு: மறுசூடேற்றப் பாடம் எப்படி?

அண்டப் பெருவீக்கம், அதாவது தொடக்கத்தில் அண்டம் அதிவேகமாக விரிந்த கட்டம், முடிந்ததும் எல்லாம் கிட்டத்தட்ட காலி. அதைத் துகள்களால் நிரப்பிச் சூடாக்குவதுதான் மறுசூடேற்றம். பெருவீக்கத்தை இயக்கிய இன்ஃப்ளேட்டான் புலம் ஆற்றல் குழியின் அடியில் ஊசலாடித்தான் துகள்களைப் பிறப்பிக்கிறது. ஊஞ்சலில் எழுந்து உட்கார்ந்து உந்துவதைக் காட்டி விளக்கியது அருமை. 1994-இல் இயற்பியலாளர்கள் கோஃப்மன், லிண்டே, ஸ்டாரோபின்ஸ்கி சொன்ன ஒத்ததிர்வு (சரியான தாளத்தில் உந்தினால் அலைவு பெருகுவது) சட்டெனப் பிடிபடுகிறது. புலத்தின் மதிப்பு சுழியைக் (பூஜ்யத்தைக்) கடக்கும்போதுதான் துகள் எண்ணிக்கை படிக்கட்டுபோல் திடீர்திடீரென எகிறும்.

பைத்தான் நிரல் பயிற்சியில்தான் கோட்டை விடுகிறார்கள். ஒத்ததிர்வின் வலிமையைக் குறிக்கும் அளவுரு 100 என்றால், இன்ஃப்ளேட்டான் நிறையால் பெருக்கிய கால அளவில் அந்தச் சுழிக் கடப்பு சுமார் 0.2 மட்டுமே. கையேட்டிலோ காலப்படி (கணக்கீடு ஒவ்வொரு முறையும் தாவும் நேரம்) 0.5! துகள் எண்ணிக்கையின் படிக்கட்டே தெரியாமல் வரைபடம் கந்தலாகிறது. 0.01 வையுங்கள். அண்ட விரிவையும் சேர்க்காததால் வளர்ச்சி நிற்காமல் ஓடுகிறது. ஏசி சுமார், ஃபில்டர் காபி பிரமாதம்.