பெட்டியா, பலகையா? பாய்மரக் கப்பல் மாதிரி செய்ய மூன்று வழிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் இருந்துகொண்டு பழைய பாய்மரக் கப்பல்களின் மாதிரி செய்ய ஆசைப்படுகிறவருக்கு மூன்று வழிகள் உண்டு. பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டியை வாங்கலாம். வெட்டிய மரத்துண்டுகள் அடங்கிய பெட்டியை வாங்கலாம். அல்லது வரைபடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மரத்தை இங்கேயே தேடிக்கொள்ளலாம். இரண்டாவதற்குத்தான் மவுசு அதிகம். என் தராசில் அது மூன்றாவது இடத்தில் நிற்கிறது.

பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளிப்பவர்கள் ஹெல்லர் நிறுவனத்தின் 1:100 (அசலில் நூறில் ஒரு பங்கு) ‘விக்டரி’ போர்க்கப்பலையோ, ரெவல் நிறுவனத்தின் 1:96 ‘கட்டி சார்க்’கையோ ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கட்டும். ‘கட்டி சார்க்’ 1869-இல் ஸ்காட்லாந்தில் கடலில் இறங்கிய தேயிலைக் கப்பல். அதன் ஒல்லியான முன்புற வளைவு, அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் பிசகாமல் வந்திருக்கிறது. தொடக்கக்காரர் மரத்தில் அந்த வளைவைப் பிடிக்கப் பல காலம் ஆகும். வெளிர் பழுப்புச் சாயம் பூசி, அதன்மேல் கருமையான எண்ணெய்ச் சாயத்தைத் தடவித் துணியால் துடைத்தெடுத்தால் மேல்தளம் மரமாகவே தெரியும். நம் ஊர் ஈரக்காற்றும் அதை ஒன்றும் செய்யாது.

குறை கயிறு கட்டும்போதுதான் தெரியும். நூலை இழுத்துக் கட்டினால் பிளாஸ்டிக் பாய்மரம் வளைந்துகொடுக்கும். அதற்குள் பித்தளைக் கம்பியைச் செருகலாம். மேல் துண்டுகளை மட்டும் மரத்தில் கடைந்துகொள்வது இன்னும் நல்லது. பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் பாய்களைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பெட்டி நூலும் தேவையில்லை. தையற்கடை பாலியஸ்டர் நூல் போதும், பருத்தி நூலைப் போல மழைக்காலத்தில் இறுகித் தளராது. “கறுப்பு வேண்டாம் அக்கா, காப்பிக்கொட்டை நிறத்தில் ஒன்று, சாக்கு நிறத்தில் ஒன்று” என்று கேட்டால் தையற்கடை அக்கா ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். ஆனால் பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகள் தார் பூசியவை, அவை கரும்பழுப்பு. பாயை ஏற்றி இறக்கும் கயிறுகளுக்குத் தார் கிடையாது. அவை வெளிர் நிறம். இந்த ஒரு வேறுபாட்டைக் காட்டினாலே மாதிரிக்கு உயிர் வந்துவிடும். மாலுமிகள் ஏறும் கயிற்றேணியில் படிக்குப் படி ஓரடிக்குச் சற்று மேல் இடைவெளி இருக்கும். 1:96-இல் அது ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் ஒவ்வொரு குறுக்குக் கயிற்றிலும் முடிச்சுப் போட்டுப் பழகும் விரலுக்குப் பிறகு எந்தக் கப்பலும் சிரமமில்லை.

அடுத்தது மரப்பெட்டி. ஒட்டுப்பலகையில் வெட்டிய நடுச்சட்டம், அதில் செருகும் குறுக்குச் சட்டங்கள், மேலே மெல்லிய பட்டைகளால் இரண்டு அடுக்கு. பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஒட்டுப்பலகை நம் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய நடுச்சட்டத்தின்மேல் கட்டிய கப்பல் கடைசிவரை கோணல்தான். குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால் வளைய வேண்டிய இடம் தட்டையாகிவிடும். வெளியடுக்குக்குப் பல பெட்டிகளில் வால்நட் பட்டை தருகிறார்கள். சிறிய கப்பலில் அதன் ரேகை கண்ணை உறுத்துகிறது. பெரிய கப்பல் என்றால் விலையும் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும்.

பெட்டியின் மேல் இருக்கும் படத்தையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1765-இல் கடலில் இறங்கி, 1805-இல் டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சனைச் சுமந்த ‘விக்டரி’யைக் கடுகு மஞ்சளில் காட்டும் பெட்டிகள் ஏராளம். போர்ட்ஸ்மவுத்தில் நிற்கும் அசல் கப்பலின் பழைய சாய அடுக்குகளை ஆராய்ந்து, 2015-இல் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட வெளிர் நிறத்துக்கு மாற்றிவிட்டார்கள். இன்னொன்று, அதன் உடல் நீளம் மட்டுமே ஏறத்தாழ 69 மீட்டர். 1:72-இல் செய்தாலும் உடல் மட்டுமே ஒரு மீட்டர் நெருங்கிவிடும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வரவேற்பறையில் அதற்கு இடம் கேட்டால் வீட்டில் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். இதற்கு நான் பரிந்துரைக்கும் கப்பல் ‘டிரிங்கோமலி’. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய இந்தப் போர்க்கப்பலைப் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டினார்கள். 1817-இல் அது கடலில் இறங்கியது. லண்டனிலிருந்து முதலில் அனுப்பிய வரைபடங்கள் ‘ஜாவா’ என்ற கப்பலில் வந்தன. அதை 1812-இல் அமெரிக்கக் கப்பலான ‘கான்ஸ்டிடியூஷன்’ தோற்கடித்து அழித்தது, வரைபடங்களும் போயின. மறுபடி ஒரு பிரதி வந்த பிறகே வேலை தொடங்கியது. வெளியூர் வரைபடமும் உள்ளூர் மரமுமாக உருவான அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. நாமும் அதே வழியில்தான் செய்யப்போகிறோம். பிரிட்டிஷ் கடற்படையின் பழைய வரைபடங்கள் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிரதிகள் விலைக்குக் கிடைக்கும். அவற்றை ஈப்போவில் அச்சடிக்கக் கொடுத்தால், வாங்கும்போதே அளவுகோலை வைத்துப் பாருங்கள். தாளுக்கு ஏற்றபடி சுருக்கிவிடுவது அச்சுக்கடைகளின் வழக்கம். 1:96 என்றால் அசலின் ஓரடிக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தச்சரின் அளவு நாடாவே போதும். ‘டிரிங்கோமலி’யின் சுமார் 150 அடி நீளப் பீரங்கித் தளம் 48 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

எந்த மரம்? தோட்டத்து ஆட்கள் முதலில் கித்தா (ரப்பர்) மரத்தைத்தான் சொல்வார்கள். பால் வற்றி வெட்டிப்போட்ட மரம் மலிவாகக் கிடைக்கும், நாற்காலி மேசைக்கு அருமையானது. ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். மருந்து ஏற்றாவிட்டால் நீலப்பூஞ்சையும் துளைப்பூச்சியும் விடாது. நுண்துளைகளும் பெரியவை, 1:96-இல் ஒவ்வொன்றும் வெடிப்பாகத் தெரியும். கப்பல் நிற்கும் பீடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். உடலுக்கு ஏற்றது ஜெலுத்தோங். ஒரு காலத்தில் சூயிங்கம் செய்யப் பால் எடுத்த காட்டுமரம் இது. வெளிர் மஞ்சள் நிறம், ஒரே சீரான இழை, எந்தப் பக்கம் இழைத்தாலும் சிம்பு கிளம்பாது. வெளிநாட்டு மாதிரிக்காரர்கள் காசு கொடுத்து இறக்குமதி செய்யும் மரம். பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள்: பால் ஓடிய வழிகள் கத்தியால் கீறியதுபோல் சிறு பிளவுகளாக ஆங்காங்கே இருக்கும். அவை விழாத பகுதியைக் குறித்து அறுத்துத்தரச் சொல்ல வேண்டும்.

வரைபடத்தில் ஒவ்வொரு உயரத்திலும் கப்பல் உடலின் கிடைவெட்டு வடிவத்தைக் காட்டும் நீர்மட்டக் கோடு ஒவ்வொன்றையும் ஒரு பலகையில் வரைந்து அறுத்து, குவே லாப்பிஸ் என்னும் அடுக்குப் பலகாரம் போல அடுக்கி ஒட்டினால் படிப்படியாக ஒரு கப்பல் உருவம் நிற்கும். படிகளைச் செதுக்கி எடுப்பதுதான் வேலை. குறுக்குவெட்டு வடிவங்களைக் கெட்டி அட்டையில் வெட்டி, விளிம்பில் சுண்ணக்கட்டி தடவி உடலோடு அழுத்துங்கள். வெள்ளை ஒட்டிய இடம் மேடு; அங்கே மட்டும் உப்புத்தாள் போட வேண்டும். மறுபடி தடவி, மறுபடி அழுத்தி, விளிம்பு முழுதும் ஒரே சீராக வெள்ளை ஒட்டும்வரை இதுதான். முழுக்கட்டை என்பதால் உள்ளே விலாச் சட்டங்கள் இருக்காது. அவற்றைக் காட்ட விரும்புகிறவர் 1:48-க்குப் போகட்டும், அது வேறு தவம்.

செலவில் பிளாஸ்டிக்கும் பலகையும் ஏறக்குறைய ஒன்றுதான். நேரத்தில் பலகை வெகுவாக இழுக்கும். ஆகவே, முதலில் பிளாஸ்டிக் ‘கட்டி சார்க்’கில் முடிச்சு பழகுங்கள், பிறகு ஜெலுத்தோங். மரப்பெட்டிதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், ஒற்றைப் பாய்மரச் சிறு கப்பலாக வாங்குங்கள். பெட்டியைப் பிரித்த அன்றே நடுச்சட்டத்தை எடுத்து, தட்டையான கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் அப்போதே திருப்பி அனுப்பிவிடலாம்.